நன்னூல் விலக்கியோரும் சிறப்புப் பயிற்றுநர் தகுதியும்

சிறப்புப் பயிற்றுநர்களின் கல்வித் தகுதி பற்றி எழுதுமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். ஏற்பது கடமை, நாஞ்சில் நாட்டு வாசகர் முன் எழுதக் கிடைத்ததோ பெருமை. கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று 1817இல் ராணி கௌரி பார்வதி பாய் ஆணையிட்டதையும், மிஷன் பள்ளிகள் இம்மண்ணில் செய்ததையும், 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டு எழுத்தறிவோடு நம் மாவட்டம் தமிழகத்தில் முதலிடம் பெற்றதையும் இம்மலரின் வாசகர் அறிவர். ஆகவே அவற்றை விடுத்து, ஆசிரியர் யார் என்று தமிழில் இலக்கணமே வகுத்த நூலிலிருந்து தொடங்குகிறேன்.

சீயகங்கன் வேண்டுகோளுக்கு இணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியருக்கு அருளையும் கலைத் தெளிவையும் எடுத்துரைக்கும் வன்மையையும் உலகியல் அறிவையும் விதிக்கிறது. நிலம், மலை, துலாக்கோல், மலர் என நான்கு உவமைகளால் அந்த மாட்சியை விளக்கி, ஆசிரியர் ஆகத் தகாதவர் யார் என்பதையும் தனியே சொல்கிறது. பாடம் சொல்லும் முறையைக் கூறுமிடத்தில், மாணவர் எவ்வகையில் ஏற்றுக்கொள்வார் என்பதை முதலில் அறிந்து, அவர் மனத்தில் பதியும்படி கற்பிக்க வேண்டும் என்கிறது. இன்று ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே வகுக்கப்படும் கல்வித் திட்டத்தின் சாரம் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் எழுதப்பட்டுவிட்டது என்று நாம் தலை நிமிர்ந்து சொல்லலாம். ஆனால் அதே பாயிரம் நூல் கற்பிக்கத் தகாத மாணவர் என்று ஒரு பட்டியலும் தருகிறது. கள்வனும் சோம்பனும் இருக்கும் அப்பட்டியலில் நோயாளரும் அறிவு மந்தமானவரும் இருக்கிறார்கள். நன்னூலின் மேல் எனக்குள்ள பக்தியால் இதை மறைப்பதற்கில்லை. மாணவரைத் தேர்ந்து எடுக்க ஆசிரியருக்கு உரிமை இருந்த காலம் அது. அந்த உரிமையைத்தான் நம் காலத்துச் சட்டங்கள் எடுத்துவிட்டன. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைக் கண்டது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொன்றைக் கண்டது. எந்தக் குழந்தையையும் பள்ளி திருப்பி அனுப்ப இயலாது என்றான பின், தகுதி பற்றிய கேள்வி முழுவதும் ஆசிரியர் பக்கமே வந்து சேர்கிறது. வாசல் எவ்வளவு விரிகிறதோ, அவ்வளவுக்கு உள்ளே நிற்பவரின் பயிற்சியும் ஆழப்பட வேண்டும் என்பதே என் வாதம்.

1992இல் நாடாளுமன்றம் இயற்றிய இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் இதைத் தெளிவாக உணர்ந்திருந்தது. குழுமம் ஏற்ற பட்டயமோ பட்டமோ பெற்று மத்தியப் பதிவேட்டில் பெயர் பதியாதவர் சிறப்புப் பயிற்றுநர் பணியைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என அதன் 13ஆம் பிரிவு கூறுகிறது. பொதுப்பள்ளி ஆசிரியருக்கு இவ்வளவு கடுமையான விதி கிடையாது. பி.எட். சிறப்புக் கல்வி ஓராண்டிலிருந்து ஈராண்டானது; 2030க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பே ஆசிரியர் பணிக்கான குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை.

இவ்வளவு படிப்பு எதற்கு, இரக்கமுள்ள மனம் போதாதா என்று கேட்போர் உண்டு. 1890களில் பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் செவித்திறன் குன்றியோருக்கும் பள்ளி கண்ட ஆஸ்க்வித், ஸ்வைன்சன் அம்மையார்கள் எந்தக் குழுமத்தில் பதிந்தார்கள் என்றும் கேட்பார்கள். அவர்களின் தொண்டு வணக்கத்துக்குரியது. எனினும் இரக்கத்தால் பிரெயில் வராது. ஆறு புள்ளிகளால் 63 வடிவங்கள் அமையும். 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலில் இந்திய மொழிகள் யாவும் இவற்றுக்குள்ளேயே அடங்குகின்றன. அச்சில் 'கெ' என்னும்போது கொம்பு முன்னே நிற்கும். 'கொ' என்னும்போது இருபுறமும் குறி நிற்கும். பிரெயிலிலோ முதலில் ககர மெய், பிறகே உயிர், ஒலிக்கும் வரிசையிலேயே வரும். அச்செழுத்தை மட்டும் அறிந்த ஆசிரியர் தம் கண்ணுக்குப் பழகிய முறையைச் சொல்லிக் கொடுத்தால் குழந்தை முதல் வகுப்பிலேயே தடுமாறும். செவித்திறன் குறைந்த குழந்தை உதடுகளைப் பார்த்துப் படிக்கிறது. பாலையும் மாலையும் உதட்டில் ஒன்றே. அந்த வேறுபாட்டை எப்படி உணர்த்துவது என்பது தனிக்கலை. அதைக் கற்றுத்தான் ஆக வேண்டும். பார்வைக் குறைபாட்டில் பட்டம் பெற்றவர் அறிவுசார் குறைபாட்டுக்கு அப்படியே பொருந்தமாட்டார் என்பதால்தான் பி.எட். சிறப்புக் கல்வி குறைபாடு வாரியாகப் பிரிந்திருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபணை வலுவானது. தகுதியை இறுக்கினால் ஆள் கிடைக்காது. குறுகிய காலப் பயிற்சி தந்து பொது ஆசிரியர்களையே பயன்படுத்தலாமே என்பது அது. பொது பி.எட். படிப்பவர் உள்ளடக்கிய கல்வியை ஒரு பாடமாகப் படிப்பது அவசியம்தான். ஆனால் அது முதலுதவி அறிந்தவரை மருத்துவராக்குவதில்லை. ஆட்பற்றாக்குறைக்குப் படிப்பின் நீளத்தைவிடப் பணியின் நிலையே பெரிய காரணம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையங்களைச் சார்ந்து, பல பள்ளிகளுக்கு அலைந்து, தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் உழைப்பவர்களே இத்துறையைத் தாங்குகிறார்கள். ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 28இல் சிறப்பு ஆசிரியர் விகிதத்தை வகுத்து அறிவிக்குமாறு மத்திய அரசைப் பணித்தது. 2022 செப்டம்பரில் மத்திய அரசு தொடக்க வகுப்புகளில் பத்து மாற்றுத்திறனாளி மாணவருக்கு ஒருவர், மேல்வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என அந்த விகிதத்தை அறிவிக்கை செய்தது. உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 7ஆம் நாள் ஆணையில், மாநிலங்கள் பணியிடங்களை அறிவிக்க வேண்டும் என்றும், ஒப்பந்தத்தில் பணிபுரிவோரின் தகுதியைக் குழு ஆராய்ந்து தகுதியுடையோரை முறைப்படுத்த வேண்டும் என்றும் கூறியது. தகுதியைத் தளர்த்தாமலே ஆட்களை நிலைநிறுத்தும் வழி இதில் இருக்கிறது. முன்பு ஓராண்டுப் படிப்பில் பட்டம் பெற்றுப் பதிவேட்டில் இருப்பவர் புதிய விதியால் பட்டினி கிடக்கக்கூடாது. அவருக்கு இணைப்புப் பயிற்சி தருவதே நீதி.

தாழ்ந்து கிடப்போரைத் தூக்கிவிடுவதே தருமம் எனச் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் போதித்தார். பிறவியிலேயே பார்வையற்றவனைக் கண்டு இது யார் செய்த பாவம் என்று சீடர் கேட்டபோது, அவனுமல்ல, அவன் பெற்றோருமல்ல என்று இயேசு சொன்னதை யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் பதிந்திருக்கிறது. இவ்விரு போதனைகளும் ஓதப்படும் இம்மாவட்டத்தில் உதவிபெறும் பள்ளிகளையும் தனியார் சிறப்புப் பள்ளிகளையும் நடத்தும் சபைகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும் என் வேண்டுகோள் இதுவே: வேலைக்கு அமர்த்துமுன் மத்தியப் பதிவேட்டு எண்ணைக் கேளுங்கள், அது எந்தக் குறைபாட்டுக்கான பதிவு என்றும் பாருங்கள். பதிவேடு நாடு முழுமைக்கும் ஒன்றே என்பதால் களியக்காவிளைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் பயின்று பதிந்த நம் பிள்ளைகளும் இங்கே பணி செய்யலாம். பட்டப்படிப்பு முடித்து நிற்கும் இளைஞர்களில் ஆண்டுக்கு நான்கைந்து பேருக்கேனும் சிறப்புக் கல்விக் கட்டணத்தை ஊர்தோறும் உள்ள சங்கங்கள் ஏற்குமானால், தோவாளை முதல் விளவங்கோடு வரை எந்த வட்டாரமும் பயிற்றுநருக்காகக் காத்திருக்க நேராது.