நேம்சர்வரை மாற்றிய பிறகு அகப்பக்கம் திறக்கவில்லையா? எங்கிருந்து பார்ப்பது?

சாஆ: யோங் பெங்கிற்கும் லாபிசுக்கும் இடையே, செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிறு பட்டணம் சாஆ. இங்கே வீட்டில் முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் ஒரு குடும்பம் ‘.காம்.எம்ஒய்’ என்று முடியும் அகப்பக்கம் வைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கிறது. பழைய ஹோஸ்டிங் நிறுவனம் கட்டணத்தை உயர்த்தியதால் வேறு நிறுவனத்திற்கு மாறுகிறார்கள். நேம்சர்வரையும் மாற்றியாகிவிட்டது. மறுநாள் காலை மகளின் கைப்பேசியில் அகப்பக்கம் திறக்கிறது, அப்பாவின் கைப்பேசியில் திறக்கவில்லை. ஆர்டர் மின்னஞ்சல் ஒன்றுகூட வரவில்லை.

இந்த நேரத்தில் பலரும் செய்யும் தவறு, பழைய நேம்சர்வருக்கே திரும்புவதும் மீண்டும் புதியதற்கு மாற்றுவதும்தான். இதனால் சிக்கல் நீளுமே தவிர தீராது. மேலிருந்து கீழாக ஒவ்வொரு படியாகப் பார்த்தால், கோளாறு எங்கே என்பதைப் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

நேம்சர்வர் என்றால் என்ன?

அகப்பக்கத்தின் பெயருக்கு உரிய எண் முகவரியைச் சொல்லும் சர்வர்தான் நேம்சர்வர். மின்னஞ்சலை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதையும் அதுவே சொல்கிறது. ஒரு டொமேனுக்கு எந்த நேம்சர்வர் பொறுப்பு என்ற குறிப்பு ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இருப்பதில்லை. அது அந்தந்த டொமேன் பதிவகத்தில் இருக்கிறது. 1987 ஜூன் 8ஆம் தேதி உலகப் பட்டியலில் இடம்பெற்ற .எம்ஒய் டொமேனை இப்போது மைநிக் நிறுவனம் நிர்வகிக்கிறது. பொதுமக்கள் பெரும்பாலும் அதன் மறுவிற்பனையாளர்கள் வழியாகவே பெயரைப் பதிவு செய்கிறார்கள்.

பதிவகத்தில் இருக்கும் இந்த ஒரு வரிக் குறிப்பு எவ்வளவு முக்கியம் என்பதை 2013 அக்டோபரில் மலேசியர்கள் நேரில் கண்டார்கள். கூகுளின் மலேசியப் பக்கத்தைத் திறந்த பலருக்கு ஓர் ஊடுருவல் குழுவின் பக்கம் வந்து நின்றது. கூகுளின் சொந்த சர்வர்கள் உடைக்கப்படவில்லை. மலேசியப் பதிவகத்தில் நேம்சர்வர் குறிப்பு மாற்றப்பட்டிருந்தது. பெரிய நிறுவனமோ முறுக்குக் கடையோ, அந்தக் குறிப்பு காட்டும் இடத்துக்குத்தான் வாடிக்கையாளர் போய்ச் சேருவார்.

முதல் படி: பதிவகத்தில் என்ன இருக்கிறது?

மைநிக்கின் ஹூஇஸ் தேடலில் டொமேன் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். அங்கே இன்னும் பழைய நேம்சர்வரே இருந்தால், மாற்றக் கோரிக்கை போய்ச் சேரவில்லை என்று பொருள். சேமிக்கும் பொத்தானை அழுத்தாமல் விட்டிருக்கலாம், உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் திறக்கப்படாமல் கிடக்கலாம், டொமேனே காலாவதியாகி இருக்கலாம். பேச வேண்டியது பதிவு செய்துகொடுத்த மறுவிற்பனையாளரிடம். புதிய ஹோஸ்டிங் நிறுவனத்தை அழைத்துப் பயனில்லை.

புதிய பெயர் இருந்தால் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஒரு புள்ளி விடுபட்டாலும் போதும், வேலை கெட்டுவிடும். பழையதில் ஒன்றும் புதியதில் ஒன்றுமாக இரண்டும் கலந்திருந்தால், ஒருவருக்குத் திறப்பதும் இன்னொருவருக்குத் திறக்காததும் நடக்கும்.

இரண்டாம் படி: புதிய நேம்சர்வர் பதில் சொல்கிறதா?

பதிவகத்தில் எல்லாம் சரியாக இருந்தும் அகப்பக்கம் யாருக்குமே வரவில்லை என்றால், புதிய நேம்சர்வரையே நேராகக் கேட்க வேண்டும். விண்டோஸ் கணினியில் உள்ள என்எஸ்லுக்கப் கருவியில் டொமேன் பெயரையும் அதன் பின்னால் புதிய நேம்சர்வரின் பெயரையும் கொடுத்தால் போதும். ‘மறுக்கப்பட்டது’ என்ற பொருளில் பதில் வந்தால், புதிய நிறுவனத்தின் கணக்கில் அந்த டொமேன் இன்னும் சேர்க்கப்படவில்லை.

அடிக்கடி நடக்கும் கோளாறு இதுதான். புதிய இடத்தில் டொமேனைச் சேர்த்து, பதிவுகளை எல்லாம் நிரப்பிய பிறகுதான் நேம்சர்வரை மாற்ற வேண்டும். ஜெர்மனியின் .டிஇ பதிவகம், புதிய நேம்சர்வர் அந்தப் பெயருக்குச் சரியாகப் பதில் சொல்கிறதா என்று சோதித்த பிறகே மாற்றத்தை ஏற்கிறது. எல்லாப் பதிவகங்களும் அப்படித் தடுத்து நிறுத்தும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

சொந்த டொமேன் பெயரிலேயே நேம்சர்வர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நேம்சர்வரின் எண் முகவரியும் பதிவகத்தில் பதிவாகி இருக்க வேண்டும். முகவரி மாறியும் அங்கே பழைய எண்ணே இருந்தால், தேடி வருபவர் பழைய வாசலுக்கே போவார்.

மூன்றாம் படி: சிலருக்கு மட்டும் பழைய பக்கம் வருகிறதா?

முதல் இரண்டு படிகளும் சரி, சிலருக்கு மட்டும் பழைய பக்கம் வருகிறது என்றால் காத்திருப்பதே மருந்து. ‘புதிய நேம்சர்வர் உலகம் முழுக்கப் பரவ வேண்டும்’ என்று சொல்வது வழக்கம். உண்மையில் எதுவும் பரவுவதில்லை. ஒவ்வொரு இணையச் சேவை நிறுவனமும் ஏற்கெனவே கேட்டு வாங்கிய பதிலைக் குறிப்பிட்ட நேரத்திற்குச் சேமித்து வைத்திருக்கும். அந்த நேரம் முடிந்தால்தான் மறுபடி கேட்கும். இது சில நிமிடமாகவும் இருக்கலாம், 86,400 விநாடியாகவும், அதாவது ஒரு முழு நாளாகவும், இருக்கலாம். 48 மணி நேரம் பொறுக்கச் சொல்வது இதனால்தான். இடையில் முன்னும் பின்னும் மாற்றினால், வெவ்வேறு நிறுவனங்களில் வெவ்வேறு பதில்கள் தங்கிவிடும்.

சோதிக்க எளிய வழி உண்டு. கூகுளின் 8.8.8.8, கிளவுட்பிளேரின் 1.1.1.1 ஆகிய பொதுச் சேவைகளிடம் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். அவை புதிய பதிலையும் வீட்டு இணைய இணைப்பு பழைய பதிலையும் தந்தால், தவறு உங்களுடையது அல்ல. 2024 செப்டம்பரில், இந்தப் பொதுச் சேவைகளுக்குப் போகும் கேள்விகளை உள்நாட்டு நிறுவனங்களே திருப்பிவிடும் திட்டம் எதிர்ப்பு எழுந்ததும் கைவிடப்பட்டது. அப்போது பேசப்பட்ட டிஎன்எஸ், வாடிக்கையாளர் பக்கத்தில் கேள்வி கேட்கும் சர்வர். நேம்சர்வர், டொமேன் உரிமையாளர் பக்கத்தில் பதில் சொல்லும் சர்வர். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நான்காம் படி: பழைய கையொப்பம்

ஒரு இணைப்பில் திறக்கிறது, இன்னொன்றில் இரண்டு நாளாகியும் ‘சர்வர் தோல்வி’ என்றே வருகிறது என்றால், டிஎன்எஸ்செக் எனப்படும் மின்கையொப்பத்தைச் சந்தேகிக்கலாம். பழைய நிறுவனத்தின் கையொப்பக் குறிப்பு பதிவகத்தில் அப்படியே இருக்கும்போது புதிய நேம்சர்வர் பதில் சொன்னால், கையொப்பத்தைச் சரிபார்க்கும் இணையச் சேவைகள் அதைப் போலி என்று ஒதுக்கிவிடும். சரிபார்க்காதவை திறந்துவிடும். இது காத்திருந்தால் தீராது. பதிவகத்தில் உள்ள டிஎஸ் குறிப்பை நீக்கும்படி மறுவிற்பனையாளரிடம் கேட்க வேண்டும். மாறுவதற்கு முன்பே அதை நீக்கி, ஒரிரு நாள் விட்டு நேம்சர்வரை மாற்றுவதே பாதுகாப்பான வரிசை.

மின்னஞ்சலை மறக்காதீர்கள்

அகப்பக்கம் திறந்துவிட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் மின்னஞ்சலில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நேம்சர்வர் மாறும்போது பழைய இடத்தில் இருந்த எம்எக்ஸ் பதிவும், எஸ்பிஎப், டிகேஐஎம் போன்ற சரிபார்ப்புப் பதிவுகளும் தாமாகக் கூடவே வருவதில்லை. எம்எக்ஸ் இல்லையென்றால் ஆர்டர்கள் வந்து சேராது. மற்ற இரண்டும் இல்லையென்றால் நீங்கள் அனுப்பும் மின்னஞ்சல் வாடிக்கையாளரின் குப்பைப் பெட்டிக்குள் போகலாம். மாற்றுவதற்கு முன் பழைய நிறுவனத்தின் பதிவுப் பக்கம் முழுவதையும் படம் எடுத்து வையுங்கள். பழைய ஹோஸ்டிங்கை அன்றே நிறுத்திவிடாதீர்கள். இன்னும் ஒரு வாரமாவது ஓடட்டும், அதன் அஞ்சல் பெட்டியையும் திறந்து பார்த்து வாருங்கள். முடிந்தால் விழாக் காலத்திற்கு முந்திய மாதத்தில் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

சாவி யாரிடம் இருக்கிறது?

மேலே சொன்ன எதையும் செய்ய முடியாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. மறுவிற்பனையாளர் கணக்கின் கடவுச்சொல் யாரிடமும் இருக்காது. ஆலய நிர்வாகத்திற்கோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கோ அகப்பக்கம் அமைத்துத் தந்த இளைஞர் ஜொகூர் பாருவுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போயிருப்பார். அவருடைய பழைய மின்னஞ்சலே தொடர்பு முகவரியாக நின்றுவிட்டிருக்கும்.

.காம்.எம்ஒய் பெயர் வணிகப் பதிவின் பேரிலும் .ஆர்க்.எம்ஒய் பெயர் அமைப்பின் பேரிலும் வழங்கப்படுகிறது. ஆகவே வணிகப் பதிவுச் சான்றிதழ் அல்லது சங்கப் பதிவுப் பத்திரத்துடன் மறுவிற்பனையாளரை அணுகி, தொடர்பு விவரத்தைப் புதுப்பிக்கக் கேட்கலாம். அதற்கு நாள் பிடிக்கும். அகப்பக்கம் நின்ற பிறகு கேட்பதைவிட இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

குடும்பத் தொழிலானால் ஒரு குறிப்பேட்டிலும் சங்கமானால் கூட்டக் குறிப்பிலும் நான்கு விவரங்கள் இருக்கட்டும். டொமேனைப் பதிவு செய்துகொடுத்தவர் யார், காலாவதியாகும் தேதி எது, இப்போதைய நேம்சர்வர்கள் எவை, தொடர்பு மின்னஞ்சலைத் திறக்கக் கூடிய இருவர் யார் யார். அடுத்த முறை மாற்றும்போது யாரையும் தேடி அலைய வேண்டியிருக்காது.