தொம்மலூர் 131, ஓசூர் 176: குடியரசுத் தலைவர் தேர்தலும் 1971இன் எண்களும்

பெங்களூருவின் தொம்மலூர், சாந்திநகர் சட்டமன்றத் தொகுதியில் அடங்கியது. குடியரசுத் தலைவர் தேர்தலில் அத்தொகுதி உறுப்பினரின் வாக்கு மதிப்பு 131. மாநில எல்லையைக் கடந்தால், ஓசூர் உறுப்பினரின் வாக்கு மதிப்பு 176. இது ஓசூருக்கு அளிக்கப்பட்ட சலுகை அன்று. மாநில மக்கள்தொகையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, ஈவை மீண்டும் ஆயிரத்தால் வகுக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 55ஆம் உறுப்பு. ஆகவே கர்நாடகத்தின் 224 உறுப்பினர்க்கும் சேர்த்து 29,344. தமிழ்நாட்டின் 234 பேர்க்கும் சேர்த்து 41,184. ஆயினும் இக்கணக்கில் இடம்பெறும் மக்கள்தொகை 1971ஆம் ஆண்டினுடையது. மறைமுகத் தேர்தலைத் தொடர்வதா, கைவிடுவதா என்னும் விவாதத்தில் இச்செய்தி பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

விவாதம் குடியரசைவிட மூத்தது. 1947 ஜூலையில் ஒன்றிய அரசியலமைப்புக் குழுவின் அறிக்கையை அரசியல் நிர்ணய சபையில் முன்வைத்த நேரு, இரு வழிகளை மறுத்தார். மெய்யான அதிகாரம் இல்லாத ஒருவரை வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது பொருந்தாது, பெருஞ்செலவும் வீணாகும். நாடாளுமன்றம் மட்டும் தேர்ந்தெடுத்தாலோ, ஆளுங்கட்சியின் விருப்பமே தேர்தலாகிவிடும். இவ்விரண்டுக்கும் இடையில் பிறந்ததே மாநிலச் சட்டமன்றங்களையும் சேர்த்துக்கொண்ட வாக்காளர் குழு.

1948 டிசம்பரில் கே.டி. ஷா நேரடித் தேர்தல் கோரித் திருத்தம் கொண்டுவந்தார். வாக்காளர் தொகையின் பெருக்கம், தேர்தலை நடத்தும் நிர்வாகச் சுமை, பதவியின் பெயரளவுத் தன்மை ஆகிய மூன்றையும் காட்டி அம்பேத்கர் அதனை மறுத்தார், திருத்தம் தோற்றது. 1952இல் அதே ஷா, தாம் எதிர்த்த முறையிலேயே இராசேந்திர பிரசாத்தை எதிர்த்துப் போட்டியிட்டார். பிரசாத் பெற்ற வாக்கு மதிப்பு 5,07,400. ஷா பெற்றது 92,827.

மாநிலங்களைச் சேர்த்ததன் பயன் 1969இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் பெங்களூருவில் கூடிய காங்கிரஸ் தலைமை, இந்திரா காந்தியின் விருப்பத்துக்கு மாறாக நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கியது. சுயேச்சையாக நின்ற வி.வி. கிரிக்குத் தி.மு.க. உள்ளிட்ட கட்சிகள் துணைநின்றன. இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பின்னரே முடிவு தெரிந்தது: கிரி 4,20,077, ரெட்டி 4,05,427.

1976இன் 42ஆம் திருத்தம் வாக்கு மதிப்பை 1971 கணக்கெடுப்போடு நிறுத்திவைத்தது. 2001இன் 84ஆம் திருத்தம், 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் எண்கள் வெளியாகும்வரை அதனை நீட்டித்தது. மக்களவை இடப்பங்கீடும் அவ்வாறே நிறுத்தப்பட்டது. குடும்பக் கட்டுப்பாட்டில் முன்சென்ற மாநிலங்கள் அதனாலேயே இழப்புக்கு உள்ளாகக் கூடாது என்பது இதன் நோக்கம். இன்றைய பீகாரின் சட்டமன்ற வாக்கு மதிப்பு 42,039. தமிழ்நாட்டினுடையதற்கு ஏறத்தாழச் சமம். 2011 எண்களை இட்டுப் பார்த்தால் பீகார் 1,04,004 ஆகிறது. தமிழ்நாடு 72,072 ஆகிறது.

அமெரிக்க முறையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு செனட் இடங்களுக்குரிய வாக்குகள் மக்கள்தொகையைப் பாராமல் கிடைக்கின்றன. இந்திய முறையில் அத்தகைய கூட்டாட்சிக் காப்பு இல்லை. மாநிலங்களுக்கிடையிலான சமநிலையைத் தாங்கி நிற்பது 1971 என்ற ஆண்டு மட்டுமே. நேரடித் தேர்தல் வந்தால் அது அன்றே நீங்கும். மறைமுகத் தேர்தல் நீடித்தாலும், தடை முடிந்து புதிய எண்கள் வரும்போது அது நீங்கும். பீகார்க் குடிமகனின் எடை ஏன் குறைய வேண்டும் என்ற எதிர்க்கேள்வியும் நியாயமானதே. ஆதலால், வாக்காளர் குழுவைக் காக்க விரும்புவோர் முதலில் விடைகூற வேண்டியது இதற்குத்தான்: மாநிலம் என்ற அலகுக்குத் தலைக்கணக்கைக் கடந்த எடை வேண்டுமா? வேண்டுமெனில், காலாவதியாகும் ஒரு விதிவிலக்கு அதனை எத்தனை காலம் தாங்கும்?