தொலைக்காட்சித் தொகுப்பாளர்களாக மாற்றுத்திறனாளிகள்

குற்றாலத்துக்கு அருகே, தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் இயங்கும் அமர் சேவா சங்கம் மாற்றுத்திறனாளிகளால் வழிநடத்தப்படும் நிறுவனம். 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின்போது கழுத்தெலும்பு முறிந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் இதைத் தொடங்கினார். போலியோ பாதித்த சில குழந்தைகளே முதல் மாணவர்கள். பின்னர் இணைந்த எஸ். சங்கரராமன் தசைச்சிதைவு நோய் கொண்ட பட்டயக் கணக்காளர். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

நிர்வாகத்தில் இயல்பாகிவிட்ட இந்நிலை தொலைக்காட்சியில் அரிது. அங்கே மாற்றுத்திறனாளி பெரும்பாலும் விருந்தினர். அவரிடம் கேட்கப்படுவது அவருடைய ஊனம் பற்றித்தான். மழையையோ தேர்தலையோ பற்றி அவர் பிறரிடம் கேள்வி கேட்பதில்லை. தூர்தர்ஷன் 1987-ல் செவித்திறன் குறைந்தோருக்காகச் சைகைமொழியுடன் வாராந்திரச் செய்தியைத் தொடங்கியது. அது பார்வையாளருக்குக் கதவைத் திறந்தது. தொகுப்பாளர் இருக்கை வேறு விஷயம்.

அந்த இருக்கை குறித்த வெளிப்படையான விவாதம் பிரிட்டனில் 2009-ல் எழுந்தது. பிபிசியின் சிறுவர் அலைவரிசையான சிபீபீஸில் செரி பர்னெல் தொகுப்பாளரானார். பிறவியிலேயே அவருக்கு வலது முழங்கைக்குக் கீழே கை கிடையாது. குழந்தைகள் பயப்படுவார்கள் என்று சில பெற்றோர் புகார் செய்தனர். பயந்தவர்கள் யார் என்பது அந்தப் புகார்களிலேயே தெரிந்தது. பர்னெல் செயற்கைக் கை பொருத்திக்கொள்ளாமலே 2017 வரை அங்கு பணியாற்றினார்.

2009 நவம்பரில், இளவயதில் கார் விபத்தில் முகம் தீக்காயமடைந்த ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ் சேனல் ஃபைவின் மதியச் செய்தியை ஒரு வாரம் வாசித்தார். சிதைந்த முகம் திரையில் வந்தால் அது வில்லன் அல்லது பரிதாபத்துக்குரியவர் என்ற வழக்கத்துக்கு மாறாக, அன்றாடச் செய்தியைச் சொல்லும் முகமாக அது வந்தது. ஒரு வாரம்தான் என்றாலும்.

2012-ல் லண்டன் பாராலிம்பிக் ஒளிபரப்புக்காக சேனல் 4 மாற்றுத்திறனாளிகளைத் தேடிப் பயிற்சி அளித்தது. தொகுப்பாளர்களில் ஒருவரான அடே அடெபிடான், ஆய்க்குடியின் முதல் மாணவர்களைப் போலவே, குழந்தைப் பருவத்தில் போலியோவால் பாதிக்கப்பட்டவர்.

இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அமில வீச்சால் முகம் சிதைந்தவர்களும் அதில் அடங்குவர். ஆனால் 4 சதவீத ஒதுக்கீடு அரசுப் பணிகளுக்கே. தனியார் நிறுவனங்களுக்கு ஊக்கச் சலுகை மட்டுமே சொல்லப்பட்டுள்ளதால், தனியார் அலைவரிசையில் யாரைக் கேமரா முன் அமர்த்துவது என்பது அதன் நிர்வாகத்தின் விருப்பமாகவே இருக்கிறது.