மதுரையின் கடைசி சுல்தான் சிக்கந்தர் பாதுஷா



மதுரையை அடுத்த திருப்பரங்குன்றம் மலை உச்சியில் அடங்கியிருக்கும் சிக்கந்தர் பாதுஷா அவர்களை ஜியாரத் செய்து வருவோர் பலர். அவர் யார் என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போர் மிகச் சிலரே.

கி.பி. 1323இல் பாண்டிய நாடு டெல்லி சுல்தான்களின் ஆட்சிக்குள் வந்தது. மஅபர் எனப்பட்ட இப்பகுதியின் ஆளுநர் ஜலாலுத்தீன் அஹ்ஸன் 1335 வாக்கில் தனியாட்சியை அறிவித்தார். அவ்வாறு தோன்றிய மதுரை சுல்தானகம், விஜயநகர இளவரசர் குமார கம்பணரின் படையெடுப்பால் நிலைகுலைந்து, சுமார் நாற்பது ஆண்டுகளில் மறைந்தது. அதன் கடைசி சுல்தானே அலாவுத்தீன் சிக்கந்தர் ஷா. ஹிஜ்ரி 779 (கி.பி. 1377-78) வரை அவர் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்துள்ளன. இம்மலையில் இறுதிப் போர் புரிந்து ஷஹீதானார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

சகோதரர்களே! அந்த ஆட்சி முழுவதும் நீதியாய் நடந்ததென நாம் பெருமை பேசிவிட முடியாது. இப்னு பதூதா மதுரை வந்தபோது கியாஸுத்தீன் ஆண்டுகொண்டிருந்தார். இருவரும் அஹ்ஸனின் மகள்களை மணந்தவர்கள், சகலை முறையினர். ஆயினும், சிறைப்பட்டோரின் பெண்டு பிள்ளைகளையும் அவர் கொன்றதைக் கண்ட இப்னு பதூதா, அதை இழிசெயல் என்றே தம் பயண நூலில் கண்டித்தார். உறவினருக்கு எதிராயினும் உண்மைக்குச் சாட்சி கூறுவதல்லவா நம் மார்க்கம் கற்பித்த நெறி!

ஆகவே, மக்கள் மலையேறுவது அந்த ஆட்சியைப் போற்றுவதற்கன்று. படையும் கருவூலமும் போயின. ஒரு கப்றும், அதனருகே ஓதப்படும் ஃபாத்திஹாவுமே எஞ்சின.

அதே மலையின் அடிவாரத்தில் முருகன் கோயில் இருக்கிறது. உச்சியிலுள்ள பள்ளிவாசல், நெல்லித்தோப்பு, அங்கிருந்து மேலேறும் படிகள் ஆகியவை முஸ்லிம்களுக்கும், மலையின் ஏனைய வெற்றுப் பகுதி கோயிலுக்கும் உரியவை என்று 1931இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. 2025இல் இம்மலை மீண்டும் வழக்குகளுக்கும் பதற்றத்துக்கும் உள்ளானதை நாம் அறிவோம். நம் உரிமையைச் சட்டத்தின் வழியே காப்போம்; அண்டையில் வழிபடுவோரின் மனம் நோகாமலும் நடப்போம். ஆட்சியை நாடியோருக்குக் கொடுப்பவனும் எடுப்பவனும் அல்லாஹ்வே. அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றியோ நாளை நம்மிடமே கேட்கப்படும்.

வரலாற்றை நேர்மையுடன் அறிந்து, நீதியுடன் வாழ வல்ல நாயன் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.