18 யூரோ 36 சதமும் ஒரு கரும்பலகையும்

ஜேர்மனியில் புதிய அறையொன்றுக்குக் குடிபோய்ப் பெயரைப் பதிந்தால், ஊரிலிருந்து கடிதம் வருகிறதோ இல்லையோ, ஒரு கடிதம் தவறாமல் வந்து சேரும். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கட்டச்சொல்லும் கடிதம் அது. 2013 இலிருந்து வீட்டில் ரீவி இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. வீடு இருந்தால் கட்டவேண்டும். 2021 ஓகஸ்டில் அந்தத் தொகை மாதம் 18 யூரோ 36 சதமாக உயர்ந்தது. குசினியில் கோப்பை கழுவியும் வெங்காயம் வெட்டியும் உழைக்கிற நாங்கள் இந்தக் காசுக்காகத் திட்டாத திட்டு இல்லை. அவர்களுடைய செய்திக்கும் அவர்களுடைய உதைபந்தாட்டத்துக்கும் நாங்கள் ஏன் கட்டவேண்டும்? இந்தக் கேள்வியோடுதான் அந்தக் காசு போன வழியைத் தேடத் தொடங்கினோம். தேடியபோது ஒரு வரலாறு அகப்பட்டது.

'அரச தொலைக்காட்சி' என்றதும் எமக்கு நினைவில் வருவது கொழும்புதான். 1982 பெப்ரவரி 15 இல் ஜப்பானிய உதவியோடு தொடங்கிய ரூபவாஹினி, ஆட்சியிலிருப்பவர்களின் குரலாகவே எமக்குக் கேட்டது. அந்தப் பழக்கத்தில் ஜேர்மன் ரீவியையும் அரசாங்கத்தின் ரீவி என்றே எண்ணியிருந்தோம். அது தவறு. ஹிட்லரின் ஆட்சி வானொலியை வைத்துச் செய்ததைக் கண்ட பின்பு, போரில் வென்ற நாடுகள் ஒலிபரப்பை ஒரு மத்திய அரசின் கையில் விட விரும்பவில்லை. மூன்சனில் அமெரிக்கர்கள் நடத்திய வானொலி 1949 ஜனவரி 25 இல் பவேரிய ஒலிபரப்பு நிறுவனமான 'பயரிஷர் ருண்ட்ஃபுங்க்' இடம் கையளிக்கப்பட்டது. அது அரசாங்கத் திணைக்களமும் அல்ல, தனியார் கம்பனியும் அல்ல. கட்சிகளோடு தேவாலயங்கள், தொழிற்சங்கங்கள் போன்றவற்றின் பிரதிநிதிகளும் அமர்ந்திருக்கும் ஒரு சபைதான் அதை மேற்பார்வை செய்கிறது. பிரதமர் அடனவர் மத்திய அரசின் சார்பில் ஒரு தொலைக்காட்சியைத் தொடங்க முயன்றபோது, 1961 பெப்ரவரி 28 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஒலிபரப்பு மாநிலங்களுக்குரியது என்பது அந்தத் தீர்ப்பு. கல்வியும் ஏற்கெனவே மாநிலங்களுக்குரியதுதான். இரண்டும் ஒரே மாநிலத்தின் எல்லைக்குள் இருந்ததால்தான் அடுத்து நடந்தது சாத்தியமாயிற்று.

1964 இல் கெயோர்க் பிஷ்ட் என்ற கல்வியாளர் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர் கட்டுரைகள் எழுதினார். ஜேர்மனியின் கல்வி பேரழிவை நோக்கிப் போகிறது, படித்தவர்கள் போதாவிட்டால் பொருளாதாரமும் விழுந்துவிடும் என்பது அவர் வாதம். நாடு முழுவதும் அதுவே பேச்சாயிற்று. உயர்தரப் படிப்பு வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே எட்டியது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் கிராமத்துப் பிள்ளைகளும், அதிலும் பெண்பிள்ளைகள், பாதியில் நின்றுவிட்டார்கள். அதே வருடம் செப்ரெம்பர் 22 இல் பவேரிய நிறுவனம் 'கல்வி நிகழ்ச்சி' என்ற பெயரிலேயே ஒரு புதிய அலைவரிசையைத் தொடங்கியது. ஜேர்மனியின் 'மூன்றாவது நிகழ்ச்சி' அலைவரிசைகளில் முதலாவது அதுதான்.

அதற்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு, செப்ரெம்பர் 10 இல், கேல்ன் நகரப் புகையிரத நிலையத்தில் ஒரு போர்த்துக்கல்காரர் வந்திறங்கினார். அர்மாண்டோ ரொட்றிகஸ் என்ற தச்சர். பத்து லட்சமாவது 'விருந்தாளித் தொழிலாளி' என்று அவருக்குப் பூச்செண்டும் ஒரு மோட்டார் சைக்கிளும் கொடுத்துப் படம் பிடித்தார்கள். ஒரே மாதத்தில் இந்த நாடு தன் பிள்ளைகளின் தலைகளுக்குப் பாடம் வைத்தது. தன் தொழிற்சாலைகளுக்கு வெளியிலிருந்து கைகளை வரவழைத்தது. கைகளோடு தலையும் கூட வரும் என்பதை அன்று எவரும் அதிகம் யோசிக்கவில்லை.

1967 ஜனவரி 2 இல் அந்த அலைவரிசையில் 'ரெலிகொலெக்' தொடங்கியது. தொலைக்காட்சிக் கல்லூரி என்று சொல்லலாம். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்தபடியே, விட்ட படிப்பைத் தொடர்வதற்கான ஏற்பாடு அது. அதற்கு மூன்று கால்கள் இருந்தன. ரீவியில் அரைமணிப் பாடம் ஒன்று. அந்தப் பாடத்துக்கென்றே அச்சிட்ட புத்தகம் இன்னொன்று. மூன்றாவது, இடையிடையே ஓரிடத்தில் கூடி ஆசிரியரிடம் நேரில் கேட்டுப் படிக்கும் நாள். முடிவில் மாநிலக் கல்வியமைச்சின் பரீட்சை. சித்தியடைந்தால் பாடசாலையில் படித்து எடுத்த சான்றிதழுக்குச் சமமான சான்றிதழ். 1972 இலிருந்து தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகும் தகுதியையும் இந்த வழியில் பெறமுடிந்தது. பாதியில் நின்ற படிப்பு, நின்றவருடைய குற்றம் மட்டுமல்ல என்று பொதுப் பணத்தைச் செலவழித்து ஒப்புக்கொண்ட ஒரு செயலாகவே இதை நாங்கள் பார்க்கிறோம்.

எங்கள் அறையில் நாங்கள் மூன்று பேர். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் எழுத்துக்கூட்டியவர்கள். ஒருவர் ஏ.எல். கணிதத்தோடு நின்றவர். ஒருவர் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் வருடத்தோடு ஓடிவந்தவர். மற்றவருக்கு இடம்பெயர்வுகளுக்கு நடுவில் பாடசாலை எங்கே முடிந்தது என்றே தெரியாது. அந்த இரண்டு வருடப் படிப்புக்கு ஏதும் பெறுமதி உண்டா என்று ஓர் அலுவலகத்தில் விசாரித்தோம். முடிக்காத படிப்பு படிப்பல்ல என்றார்கள். அதோடு அந்தக் கதை முடிந்ததென்றே இருந்தோம்.

ஒருநாள் காலை, வேலைக்குப் போகமுன் ரீவியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது ஒருவர் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தார். அவர் பேசிய ஜேர்மன் எங்களுக்கு விளங்கவில்லை. எழுதிய கணிதம் விளங்கியது. "அண்ணை, உவர் எங்கட வர்க்கமூலத்தையெல்லோ சொல்லுறார்!" என்று எங்கள் தம்பி கத்தியது இன்னும் காதில் நிற்கிறது. அன்றிலிருந்து கணிதத்தைப் பிடித்துக்கொண்டு மொழிக்குள் இறங்கினோம். வர்க்கமூலத்துக்கு அவர்கள் சொல்லும் 'வூர்செல்', சூப்புக்கு நாங்கள் வெட்டும் வேர்க் காய்கறிகளின் பெயரிலிருக்கும் அதே 'வேர்'. பின்னத்துக்கு 'புறுக்' என்கிறார்கள். குசினியில் கோப்பை உடைந்தால் முதலாளி சொல்லும் சொல்லும் அதுதான். எங்கள் மொழியிலும் உடைந்த சிலையைப் பின்னமான சிலை என்றுதானே சொல்கிறோம். ஓடர் எழுதும் துண்டுகளின் பின்பக்கத்தில் கணக்குச் செய்தோம். இரவு வேலை முடிந்து வந்தால் 'அல்ஃபா சென்ராவ்றி'. பழைய வகுப்பறை போன்ற ஓரிடத்தில், ஒரு கரும்பலகையின் முன் நின்று, ஹரால்ட் லெஷ் என்ற மூன்சன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒரு நாளைக்கு ஒரு கேள்வியாகக் கால்மணி நேரம் வானியலை விளக்குவார். 1998 இலிருந்து 2007 வரை தயாரித்த அந்த நிகழ்ச்சியை நாங்கள் மறு ஒளிபரப்பிலேயே பார்த்தோம். படமும் இல்லை, பாட்டும் இல்லை. ஒரு மனிதன் யோசிப்பதைப் பார்ப்பதே போதுமாயிருந்தது.

இதை வைத்து ஜேர்மனிக்குப் புகழ்மாலை சூட்ட நாங்கள் வரவில்லை. ரெலிகொலெக் பாடம் எல்லோர் அறைக்கும் வந்தது. சான்றிதழ் அப்படி வரவில்லை. அதற்குப் பதியவேண்டும். பதிய, முன்னர் படித்ததற்கும் தொழில் செய்ததற்கும் அத்தாட்சி வேண்டும். ஓடும்போது பத்திரங்களைத் தொலைத்தவர்கள் அந்த வாசலில் நின்றுவிட்டோம். அர்மாண்டோ ரொட்றிகஸுக்கு மோட்டார் சைக்கிள் கொடுத்தவர்கள் அவருக்காக அந்தக் கல்லூரியைக் கட்டவில்லை. எங்களுக்காகவும் கட்டவில்லை. ஆனாலும் பாடம் வரும்போது எவரும் எங்கள் விசாவைக் கேட்கவில்லை. அதன் பெறுமதியை அகதிகளான நாங்கள் குறைத்து மதிப்பிடலாகாது.

1998 ஜனவரி 7 இல் பவேரிய நிறுவனம் கல்விக்கென்றே தனி அலைவரிசையாக 'பி.ஆர். அல்ஃபா'வைத் தொடங்கியது. 2014 இல் அது 'ஏ.ஆர்.டி. அல்ஃபா' ஆயிற்று. 2024 ஒக்ரோபரில் லைப்சிக்கில் கூடிய மாநில முதல்வர்கள், செய்தி, கல்வி சார்ந்த நான்கு சிறப்பு அலைவரிசைகளை இரண்டாகக் குறைக்க முடிவெடுத்தார்கள். அந்த நான்கில் அல்ஃபாவும் ஒன்று. படித்த ஆட்கள் போதாது என்று பயந்து 1964 இல் கல்வி அலைவரிசையைத் திறந்த நாடு, அறுபது வருடங்களின் பின் அதே 'ஆள் பற்றாக்குறை'யைப் பேசிக்கொண்டே அதில் கைவைத்தது.

இப்போது எல்லாம் இணையத்தில் இருக்கிறதே, தேடிப் பார்க்கலாமே என்பார்கள். தேடுவதற்கு, எதைத் தேடுவதென்று முதலில் தெரிந்திருக்கவேண்டும். ரெலிகொலெக் என்ற சொல்லே எங்களுக்குத் தெரியாது. நாங்கள் அதைத் தேடிப் போகவில்லை. வேலைக்குப் போகமுன் சும்மா திருப்பிய ரீவியில் அது தானாக வந்தது.

கட்டணக் கடிதம் வந்தால் இன்னமும் திட்டுகிறோம். ஆனால் கட்டிய பற்றுச்சீட்டை நாங்கள் எறிவதில்லை. கணக்குச் செய்த ஓடர் துண்டுகள் கிடக்கும் அதே பிஸ்கட் பெட்டிக்குள் போட்டுவைக்கிறோம்.