புளியங்கொட்டையும் புலியும்

எங்கள் சாம்பியன் ரீப்ஸில் எண்ண முடியாததை எண்ணுவது பழைய தொழில். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய தங்கச் சுரங்கம் இது. அப்பா அங்கே பாறையைச் செதுக்கி சாம்பிள் எடுத்தவர். அந்தக் கைப்பிடிக் கல்லைச் சோதித்துத்தான் டன்னுக்கு எத்தனை கிராம் தங்கம் என்று சொல்வார்கள். "பளபளன்னு இருக்கிற கல்லா பாத்துப் பொறுக்கினா கணக்கு பொய்யாயிடும்" என்பார். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். லைன் வீட்டில் டியூஷன் எடுக்கும் எனக்கு இன்றும் அப்பாவின் அந்தப் பேச்சுதான் முதல் பாடம்.

விகிதம் சொல்லித்தர ஒரு டப்பா புளியங்கொட்டை வைத்திருக்கிறேன். 40 கொட்டைகளுக்குச் சுண்ணாம்புப் பொட்டு வைத்து, உள்ளே போட்டு, நன்றாகக் குலுக்கி, 50 கொட்டைகளை எடுத்தோம். எட்டில் பொட்டு இருந்தது. 50-க்கு 8 என்றால் டப்பா முழுவதும் அதே பங்குதான். நாற்பதை ஐம்பதால் பெருக்கி எட்டால் வகுத்தால் 250. கொட்டி எண்ணினால் 247! அடுத்த பையன் பொட்டு வைத்தவற்றை மேலே போட்டு, குலுக்காமல் மேலாக 50 அள்ளினான். 22 பொட்டு, விடை 91. அவன் முகம் வாடியது. அன்றைக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அந்தத் தப்பு விடைதான்.

இந்தக் கணக்கின் வேர் நீளமானது. 1802-இல் லாப்லாஸ் சில ஊர்களின் பிறப்புக்கும் மக்கள்தொகைக்கும் உள்ள விகிதத்தை வைத்துப் பிரான்ஸ் முழுவதன் மக்கள்தொகையைக் கணித்தார். டென்மார்க்கில் பீட்டர்சன் மீன்களுக்கு அடையாளம் கட்டிக் கடலில் விட்டார். 1930-இல் அமெரிக்காவின் லிங்கன் வாத்துகளின் கால்வளையத்தை வைத்துக் கணக்கிட்டார். நம் நாட்டுச் சந்திரசேகரன், டெமிங்குடன் சேர்ந்து, வங்காளத்துச் சிங்கூரின் பிறப்பு இறப்புகளை இரண்டு பட்டியல்களில் ஒப்பிட்டு, இரண்டிலும் விட்டுப்போனவை எத்தனை என்று 1949-இல் காட்டினார்.

நம் நாட்டில் புலிக்கு மட்டும் வெகுகாலம் காலடித்தடம் பார்த்தே கணக்கு. 1972-இல் 1,827 என்றார்கள். தடம் பார்ப்பவரின் கண்ணை நம்பிய முறை அது. எந்தப் புலி விட்டுப்போனது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் புலிகள் இருப்பதாகவே ஏட்டில் இருந்தது. 2005-இல் தேடினால் ஒன்றுகூட இல்லை. எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, எங்கள் கர்நாடகத்து நாகரஹொளே காட்டில் புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் காட்டுப்பாதையின் இரு பக்கமும் எதிரெதிராகக் கேமரா வைத்துவிட்டார். புலியின் வலப்பக்க வரி வேறு, இடப்பக்க வரி வேறு, இரண்டும் வேண்டும். அந்த வரிதான் பொட்டு. யாரும் சுண்ணாம்பு வைக்க வேண்டியதில்லை. 2006 முதல் நாடு முழுவதும் கேமரா முறை வந்தது. 1,411 என்று கணக்கு சொன்னார்கள்.

2022 கணக்கில் குறைந்தது 3,167, சராசரி 3,682, மேல் எல்லை 3,925. பத்திரிகைக்காரர்களே, ஒரே எண்ணைத் தலைப்பில் போடாதீர்கள். மூன்றையும் சேர்த்துப் போடுங்கள்.