அபூ ஸைத் யார்? - மகாமாத்தும் அசன்பே சரித்திரமும்

பாடாலூரிலிருந்து எங்கள் அரபிக் கல்லூரிக்கு ஓத வந்த மாணவர் ஒருவர், 'மகாமாத்' பாடம் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியை எழுப்பினார்: "ஹஜ்ரத், ஹதீஸ் வகுப்பில் பொய்யரின் அறிவிப்பைத் தள்ளிவிடச் சொல்கிறீர்கள். அடுத்த வகுப்பிலேயே ஒரு பொய்யரின் கதையை ஓதச் சொல்கிறீர்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்?" உடனிருந்தோர் சிரித்தனர். ஆயினும் அது சிரித்துத் தள்ளத்தக்க கேள்வியன்று. புனைகதை என்றாலே பொய் என ஒதுக்கும் எண்ணம் நம்மிடையே இன்றும் உண்டு. அதற்கான விடை அந்நூலின் வரலாற்றிலேயே இருக்கிறது.

மகாமா என்னும் இலக்கிய வகையைத் தோற்றுவித்தவர் பதீஉஸ் ஸமான் ஹமதானீ (மறைவு ஹி. 398 / கி.பி. 1008). அதனை உச்சத்திற்குக் கொண்டு சென்றவர் பஸ்ராவைச் சேர்ந்த அல்ஹரீரீ (ஹி. 446-516 / கி.பி. 1054-1122). நிஜாமிய்யா பாடத்திட்டத்தின் வழியே அவரது நூல் நம் மதரஸாக்களுக்கும் வந்து சேர்ந்தது.

ஹரீரீயின் ஐம்பது மகாமாக்களையும் ஹாரித் பின் ஹம்மாம் என்பவரே அறிவிக்கிறார். செல்லும் ஊர்தோறும் அவர் ஒரு மனிதரைச் சந்திக்கிறார். ஓரிடத்தில் அம்மனிதர் உபதேசியார், வேறோரிடத்தில் பார்வையற்றவர், மற்றோரிடத்தில் காழியின் முன் நிற்கும் வழக்காளி. முடிவில், அவர் ஸரூஜ் நகரத்து அபூ ஸைத் என்பது தெரியவருகிறது. முதல் மகாமாவில் ஸன்ஆ மக்களைத் தம் உபதேசத்தால் அழவைத்தவரை ஹாரித் பின்தொடர்ந்து செல்கிறார். அங்கே ஒரு குகையில், பொரித்த இறைச்சியும் மதுவும் முன்னிருக்க, அதே மனிதர் அமர்ந்திருக்கிறார்!

இக்கதைகள் ஹதீஸ் அறிவிப்பின் சாயலிலேயே தொடங்குகின்றன. அறிவிப்பாளரின் பெயரும் பொருள் பொதிந்தது. பெயர்களில் மிக உண்மையானவை ஹாரித், ஹம்மாம் என வரும் நபிமொழியை ஒட்டியே ஹரீரீ அதனைத் தேர்ந்தார் என்பர். மிக உண்மையான பெயருடையவரே மீண்டும் மீண்டும் ஏமாறுகிறார். நா வன்மையையும் தோற்றத்தையும் நம்பி ஒருவரை எடைபோடலாகாது என்பதை இதனினும் நயமாக உணர்த்த இயலுமா? நூலின் முன்னுரையில் ஹரீரீ, விலங்குகள் பேசும் கதைகளை அறிஞர் எவரும் பழித்ததில்லை என்றும், செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்றும் தம் பக்கத்து நியாயத்தைக் கூறுகிறார்.

விந்தை யாதெனில், நூலாசிரியரின் அடையாளமே ஐயத்துக்குள்ளானது. நாற்பது மகாமாக்களுடன் அவர் பக்தாதுக்கு வந்தபோது, இவை பஸ்ராவில் இறந்துபோன ஒரு மக்ரிபியின் எழுத்து என்று சிலர் குற்றஞ்சாட்டினர். புதிதாக ஒன்று எழுதுமாறு பணிக்கப்பட்ட அவர், தாளும் மையும் முன்னிருந்தும் எழுத இயலாது நாணித் திரும்பினார். பின்னர் ஊரிலிருந்து மேலும் பத்து எழுதியனுப்பினார். இதனை இப்னு கல்லிகான் பதிவு செய்துள்ளார்.

'நான் யார்' என்னும் இதே வினா தமிழில் வேறு வடிவம் பெற்றது. கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் முஹம்மது காசிம் சித்தி லெப்பை (1838-1898), 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கியவர்; 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்ட எகிப்தியத் தலைவர் உராபி பாஷாவுடன் நட்புப் பூண்டவர். 1885இல் அவர் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்று. 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறி ஆறே ஆண்டுகள் கழிந்திருந்தன. எகிப்தின் உயர்குடியில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கடத்தப்பட்டு, பம்பாயில் வளரும் அசன், தன் பிறப்பின் உண்மையைத் தேடிக் காண்பதே கதை.

மூன்றாண்டுகளில் அவ்வினா கதைக்கு வெளியேயும் எழுந்தது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என வாதிட்டு ஆய்வுரை ஒன்றை அளித்தார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு நூல் வெளியிட்டார். நாம் யார் என்பதைப் பிறர் சொல்லக் கேட்பதா, நாமே தேடி அறிவதா என்பது ஒரு சமுதாயத்தின் வழக்காயிற்று. நாவல் அதனை முன்னறிந்தது என்று கூறேன். எனினும் அதன் வாசகர்களுக்கு அந்த வினா முற்றிலும் புதியதாய் இருந்திருக்காது.

ஐம்பதாவது மகாமாவில், அபூ ஸைத் பஸ்ராவின் பள்ளிவாசலில் நின்று தவ்பாச் செய்கிறார். நாற்பத்தொன்பது முறை ஏமாந்த வாசகர் இதனை நம்புவதா? நபியவர்கள் மீது பொய்யுரைத்தவர் தவ்பாச் செய்தாலும் அவரது அறிவிப்பை ஏற்கலாகாது என்றார் இமாம் அஹ்மத். ஏற்கலாம் என்பது இமாம் நவவீயின் முடிவு. ஆகவே இது வெறும் கதைக் கேள்வியன்று.

பாடத்தில் சேராத அந்த இறுதி மகாமாவை மாணவர் தாமாகவே படித்து வந்தார். "அபூ ஸைதின் தவ்பா உண்மை என நம்புகிறீரா?" என்று கேட்டேன். "ஹாரித் பிறர் சொல்லைக் கேட்டதோடு நின்றுவிடவில்லையே, ஹஜ்ரத்! ஸரூஜ் வரை சென்று, அவர் தொழுதுகொண்டிருப்பதைத் தம் கண்ணால் கண்ட பிறகுதானே நமக்கு அறிவிக்கிறார்" என்றார். அவரது முதற்கேள்விக்கு நான் தனியே விடை சொல்ல வேண்டியிருக்கவில்லை.